மென்பொருள் களஞ்சியத்தின் தர அளவைகள்: ஒரு நோக்கு

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று வினவினால் 3 என்று விடை கூறுவோம். இதே வினாவைப் பைத்தான் என்னும் கணினி மொழியிடம் தொடுத்தால், அது 5 என்று விடை தரும். அச்சொல்லை யு.டி.எஃப்-8 முறையில் ஒரு கோப்பில் இட்டு, அக்கோப்பின் அளவைக் கேட்டால் 15 பைட் என்று வரும். மூன்று விடைகளும் சரியானவையே. நாம் எண்ணுவது இலக்கணம் கூறும் எழுத்துகளை. பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறிகளை. அதன் கணக்கில் மகரம் ஒன்று, அதன்மேல் ஏறிய இகரக் குறி மற்றொன்று, ழகரத்தின் மேலுள்ள புள்ளியும் தனியொன்று. கோப்பு எண்ணுவதோ அக்குறிகளைச் சேமிக்கத் தேவைப்படும் இடத்தை. எதனை எண்ணுகின்றோம் என்று தெளியாதவருக்கு இம்மூன்றும் முரண்பட்ட விடைகளாகவே தோன்றும்.

ஒரு மென்பொருள் தரமானதா என்னும் வினாவிற்கு எண்களைக் கொண்டு விடை காணப் புகும்போதும் இதே நிலைதான் ஏற்படுகின்றது. நிரலின் நீளம், கிளைகளின் எண்ணிக்கை, சொற்களின் பெருக்கம் எனப் பலவற்றை எண்ணலாம். எண்ணுதற்குரிய கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினிப் பயன்பாட்டியல் மாணவரேயன்றித் தமிழ் பயிலும் மாணவரும் சொல்லடைவு, அகராதி, எழுத்துணரி முதலியவற்றிற்கு நிரல் எழுதும் காலமிது. ஆதலின், பைத்தான் மொழியில் அமைந்த சில கருவிகளைத் துணைக்கொண்டு ஒரு களஞ்சியத்தின் தரத்தை அளப்பதும், அவ்வளவைக் காலந்தோறும் தொடர்ந்து நோக்குவதும் எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

களஞ்சியம் என்பது யாது?

ஓலைச்சுவடியைப் படியெடுத்த ஒருவர் ஒரு சொல்லை மாற்றிவிட்டால், மாற்றியவர் யார், எப்போது, ஏன் என்பவற்றை அறிய வழியில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைத் தொகுத்தே பதிப்பாசிரியர்கள் மூலபாடத்தை நெருங்க முயன்றனர். மென்பொருள் களஞ்சியத்தில் இவ்விடர் பெரும்பாலும் இல்லை. நிரலர் தாம் செய்த மாற்றத்தைக் களஞ்சியத்தில் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், அவர் பெயர், நாள், நேரம், மாற்றத்தின் காரணத்தைச் சுட்டும் குறிப்பு, அந்நிலையில் எல்லாக் கோப்புகளும் இருந்த வடிவம் ஆகிய அனைத்தும் பதிவாகின்றன. இப்பதிவினைக் 'கமிட்' என்பர். லினக்ஸ் கருவகத்தின் வளர்ச்சிக்காக லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு உருவாக்கிய 'கிட்' என்னும் அமைப்பே இப்பணிக்கு இன்று பெருவழக்காக உள்ளது. பைத்தான் மொழியின் மூலநிரல் 2017 பிப்ரவரியில் கிட்டிற்கு மாற்றப்பட்டபோது, 1990-இல் தொடங்கிய அதன் பழைய வரலாறும் உடன் கொண்டுவரப்பட்டது. ஒரு மொழி பிறந்த நாள்தொட்டு அடைந்த மாற்றங்களை வரிக்குவரி புரட்டிப் பார்க்க இயல்வது மொழிநூல் மாணவர்க்கும் வியப்பளிக்கும்.

இவ்வரலாறு எதற்குப் பயன்படும்? ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 என்னும் இயக்கமுறைமை அடுத்தடுத்த வெளியீடுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதை மேயர் லேமனும் லாஸ்லோ பெலாடியும் ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியின் வழிப் பிறந்தவையே மென்பொருள் வளர்ச்சி விதிகள். பயன்பாட்டிலுள்ள நிரல் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையெனில் பயனற்றதாகும் என்பது முதல் விதி. அவ்வாறு மாறுந்தோறும், குறைப்பதற்கென்று தனியே உழைத்தாலன்றி, அதன் சிக்கல் பெருகும் என்பது இரண்டாவது விதி. இந்த இரண்டாவது விதியே நம் பொருளுக்கு அடிப்படை. பெருகும் சிக்கல் ஒரே நாளில் பெருகுவதில்லை. ஒவ்வொரு கமிட்டிலும் சிறிது சிறிதாகவே ஏறுகின்றது. எனவே ஒருநாள் எடுத்த அளவை விடப் பலநாள் எடுத்த அளவுகளின் போக்கே மிகுதியாகப் பேசும்.

எண்ணப்படுவன எவை?

மிக எளியது வரிகளின் எண்ணிக்கை. இதனை இகழ்வோர் உளரெனினும், பெரிய கோப்பில் பிழைகள் மிகுந்திருத்தல் இயல்பாதலின் இதனை முற்றிலும் ஒதுக்குதல் தகாது.

அடுத்தது, தாமஸ் மெக்கேப் 1976-இல் வெளியிட்ட 'சைக்ளோமேட்டிக்' சிக்கலளவு. இதனைச் 'சுழற்சிச் சிக்கல்' என்று மொழிபெயர்ப்பின், நிரலிலுள்ள மடக்குகளை மட்டும் எண்ணுவது போலும் என்று மாணவர் மயங்குவர். வரைவியல் என்னும் கணிதப் பிரிவிலிருந்து வந்த பெயர் அது; உண்மையில் அது எண்ணுவது நிரலினுள் ஒன்றையொன்று சாராது செல்லக்கூடிய வழிகளை. ஆகவே 'கிளைச்சிக்கல்' என்பதே பொருத்தமான சொல்லென்பது நம் கருத்து. இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம். கணக்கிடும் முறை எளிது. எந்தச் செயற்கூறாயினும் 1 என்று தொடங்குக. 'எனில்' என்று கிளைபிரியும் ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒன்று, ஒவ்வொரு மடக்கிற்கும் ஒன்று, இரு நிபந்தனைகளை 'உம்' என்றோ 'அல்லது' என்றோ இணைக்கும் இடத்திற்கு ஒன்று எனக் கூட்டுக. ஒரு செயற்கூறுக்கு 10 என்பதனை உச்சவரம்பாகக் கொள்ளலாம் என்று மெக்கேப் கூறினார். பைத்தான் நிரல்களை அளக்கும் 'ரேடான்' என்னும் கருவி 1 முதல் 5 வரை 'ஏ' தரம் என்றும், 6 முதல் 10 வரை 'பி' என்றும், 11 முதல் 20 வரை 'சி' என்றும் வகுத்து, 41-ம் அதற்கு மேலும் வருவனவற்றை 'எஃப்' என்னும் கடைத்தரத்தில் வைக்கின்றது.

இவ்வளவிற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. கிளைச்சிக்கல் 12 என்றால், அச்செயற்கூறின் சார்பற்ற வழிகளை எல்லாம் நடந்து பார்க்க 12 சோதனைகளாவது வேண்டும் என்று கொள்ளலாம். இரண்டே சோதனைகளை எழுதிவிட்டு 'நிரல் நன்கு இயங்குகின்றது' என்று கூறும் மாணவரிடம் காட்டத்தக்க எண் இது.

மூன்றாவது, மாரிஸ் ஹால்ஸ்டெட் 1977-இல் நூலாக வெளியிட்ட சொற்கணக்கு. ஒரு நிரலில் வரும் வெவ்வேறு குறிகளும் பெயர்களும் எத்தனை, அவை மீண்டும் மீண்டும் வருவதையும் சேர்த்தால் மொத்தம் எத்தனை என்று எண்ணி, இரண்டையும் இணைத்துப் 'பருமன்' என்னும் அளவை அவர் கண்டார். மொத்தம் 100, வெவ்வேறானவை 32 எனில், 32 என்பது இரண்டின் ஐந்தாம் அடுக்காதலின், 100-ஐ 5-ஆல் பெருக்கப் பருமன் 500 ஆகும். செய்யுட்களுக்குச் சொல்லடைவு அமைத்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று.

நான்காவது, 'பேணுதகைக் குறியெண்'. பால் ஓமனும் ஜாக் ஹேகமைஸ்டரும் 1992-இல் முன்வைத்த இது, மேற்கூறிய மூன்றையும் ஒரே வாய்பாட்டில் அடைக்கின்றது. 171 என்னும் எண்ணிலிருந்து, பருமனின் மடக்கையை 5.2-ஆல் பெருக்கியும், கிளைச்சிக்கலை 0.23-ஆல் பெருக்கியும், வரிகளின் மடக்கையை 16.2-ஆல் பெருக்கியும் கழிக்க வேண்டும். ஒரு வடிவில் குறிப்புரை வரிகளின் விழுக்காட்டிற்கென ஒரு பகுதி கூட்டவும் படுகின்றது. ரேடான் இவ்வடிவையே எடுத்துக்கொண்டு, விடையை 0 முதல் 100 வரையிலான எல்லைக்குள் கொணர்ந்து தருகின்றது.

இக்குறியெண்ணைப் பற்றி நாம் சற்று ஐயத்துடனேயே பேச விரும்புகின்றோம். 171, 5.2, 0.23, 16.2 என்னும் எண்கள் எக்கோட்பாட்டிலிருந்தும் பிறந்தவையல்ல. அக்காலத்து நிரல்கள் சிலவற்றை அளந்து, அவற்றைப் பேணிவந்த பொறியாளர்கள் தந்த மதிப்பீடுகளோடு பொருந்துமாறு புள்ளியியல் முறையில் அமைத்துக்கொண்டவை. வேறு மொழியில், வேறு அளவில் எழுதப்படும் இன்றைய பைத்தான் நிரலுக்கு அவை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது கேள்விக்குரியது. இக்குறியெண் இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளது, பிற அளவைகளைப் போல் இதனைப் பெரிதாகக் கொள்ளற்க என்று ரேடானின் கையேடே எச்சரிக்கின்றது. மேலும், குறிப்புரை வரிகளைச் சேர்க்கச் சேர்க்கக் குறியெண் ஓர் எல்லைவரை உயரும். அக்குறிப்புரை நிரலின் இன்றைய நிலைக்குப் பொருந்தாத பழங்கதையாயினும் உயரும். நூற்குற்றங்களுள் 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்' என்பவற்றை நன்னூலார் வைத்தார். அவை இருக்கும் இடத்தைப் படிப்பவர் அறிவார்; வாய்பாடு அறியாது.

ஒரு கட்டண நிரலின் கதை

எண்கள் வளரும் விதத்தை விளக்கக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். ஒரு கல்லூரி, மாணவர் கட்டணத்தைக் கணக்கிட ஒரே ஒரு செயற்கூறு எழுதியது எனக் கொள்க. முதலாண்டில் அது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மாணவர் விடுதியில் தங்குபவரா? கிளைச்சிக்கல் 2.

அடுத்த ஆண்டு முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சலுகை சேர்ந்தது. சிக்கல் 3. பின்னர்த் தாமதத்திற்கு அபராதம். 15 நாள் கடந்தால் கூடுதல் அபராதம். சிக்கல் 5. பின்பு, மதிப்பெண் உயர்ந்தும் குடும்ப வருவாய் குறைந்தும் இருப்போர்க்கு உதவித்தொகை. இரு நிபந்தனைகளும் 'உம்'மையால் இணைவதால் இரண்டு கூடி 7. அதன்பின் நிலுவைத் தாள்கள் ஒவ்வொன்றிற்கும் தேர்வுக் கட்டணம். அதற்கு ஒரு மடக்கு, தாள் செய்முறைத் தாளா என்று பார்க்க ஒரு நிபந்தனை. சிக்கல் 9. உடன்பிறந்தார் இருவர் பயின்றால் ஒரு தள்ளுபடி, 10. இறுதியாக, விளையாட்டு வீரராகவும் விடுதியில் தங்குபவராகவும் இருந்தால் ஒரு சலுகை, 12.

இங்கே நாம் நின்று நோக்க வேண்டும். இம்மாற்றங்களுள் எதுவும் தவறானதன்று. ஒவ்வொன்றும் கல்லூரி அலுவலகம் முறைப்படி கேட்டது. ஒவ்வொரு மாற்றமும் ஒன்றோ இரண்டோதான் கூட்டியது. தனித்தனியே சரிபார்த்த எவரும் மறுப்புக் கூறியிருக்க மாட்டார். ஆயினும் 'ஏ' தரத்தில் தொடங்கிய செயற்கூறு 'சி' தரத்தில் வந்து நிற்கின்றது. இப்போது உதவித்தொகையையும் உடன்பிறந்தார் தள்ளுபடியையும் ஒருசேரப் பெறும் மாணவருக்கு எது முதலில் கழிக்கப்படும் என்று கேட்டால், நிரலை எழுதியவரே திகைப்பார். அம்மாணவரின் தந்தை செலுத்த வேண்டிய தொகை அந்தத் திகைப்பில் அடங்கியிருக்கின்றது.

இனி இதனைச் சீர்திருத்துவோம். சலுகைகளுக்கு ஒரு செயற்கூறு, அபராதத்திற்கு ஒன்று, நிலுவைத் தாள்களுக்கு ஒன்று, இவற்றை அழைத்துக் கூட்டும் முதன்மைச் செயற்கூறு ஒன்று என நான்காகப் பிரித்தால், அவற்றின் சிக்கல் முறையே 7, 3, 3, 2 என அமையும். கூட்டிப் பார்த்தால் 15. முன்பு 12-ஆக இருந்தது இப்போது 15-ஆக உயர்ந்துவிட்டது! ஒவ்வொரு செயற்கூறும் 1-இல் தொடங்குவதால் பிரிக்குந்தோறும் கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும். ஆனால் ஒரே நேரத்தில் ஒருவர் மனத்தில் தாங்க வேண்டிய பெருஞ்சிக்கல் 12-லிருந்து 7-ஆக இறங்கியுள்ளது. கூட்டுத்தொகையை நோக்குபவர் தரம் கெட்டது என்பார். உச்சத்தை நோக்குபவர் தரம் உயர்ந்தது என்பார். நிரல் ஒன்றே. ஆதலின் எந்த அளவையைத் தொடர்வது என்பதை அளக்கப் புகுமுன்பே முடிவு செய்தல் வேண்டும்.

வைலி என்னும் கருவி

ரேடான் இன்றைய நிலையை மட்டும் அளக்கும். நேற்றும் முன்தினமும் எவ்வாறு இருந்தது என்பதைக் காண, ஆந்தனி ஷா உருவாக்கிய 'வைலி' என்னும் பைத்தான் தொகுப்பு துணைபுரிகின்றது. 'பிப்' என்னும் நிறுவுகருவியால் இதனை எளிதில் நிறுவிக்கொள்ளலாம். இதன் செயல்முறையை அறிந்தால் இதன் வலிமையும் எளிமையும் ஒருங்கே விளங்கும். 'பில்ட்' என்னும் கட்டளையை இட்டவுடன், வைலி கிட்டின் வரலாற்றைத் திறந்து, ஒவ்வொரு பழைய கமிட்டையும் முறையே வெளியெடுத்து, அந்நிலையிலுள்ள நிரலை ரேடானைக் கொண்டு அளந்து, விடைகளைப் பயனரின் அடைவில் ஒரு தனிச் சேமிப்பிடத்தில் எழுதி வைக்கின்றது. எத்தனை கமிட்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்று நாம் கூறாவிடின் 50 வரை செல்லும். இவ்வாறு ஒருமுறை தொகுத்துவிட்டால், பின்னர்க் கேட்பவற்றிற்கெல்லாம் சேமிப்பிலிருந்தே விடை வரும்.

'ரிப்போர்ட்' என்னும் கட்டளை ஒரு கோப்பின் அளவுகளைக் கமிட் வரிசையில் அட்டவணையாகத் தரும். யார், எந்நாளில் செய்த மாற்றத்தால் எண் எவ்வளவு ஏறியது அல்லது இறங்கியது என்பது அதில் தெரியும். 'கிராஃப்' அதனையே வரைபடமாக வரையும். 'ரேங்க்' கோப்புகளை வரிசைப்படுத்தும். நம் மதிப்பில் இவற்றுள் மிகப் பயனுடையது 'டிஃப்'. கமிட் செய்வதற்கு முன்பே, இப்போது செய்த மாற்றம் எந்த எண்ணை எவ்வளவு நகர்த்தியது என்று அது காட்டும். கட்டண நிரலில் சிக்கல் 7-லிருந்து 9-ஆக ஏறிய அன்றே இதனைப் பார்த்திருந்தால், பிரிக்கும் வேலை அரைமணியில் முடிந்திருக்கும்.

வைலி கிடைக்காத இடத்திலும் கவலை வேண்டா. கிட்டின் கமிட் பட்டியலை வாங்கி, ஒவ்வொன்றாக வெளியெடுத்து, ரேடானை அழைத்து, விடையை நாளுடன் ஒரு கோப்பில் எழுதும் சிறுநிரலை ஒரு மாணவர் ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடலாம். அவ்வாறு எழுதிப் பார்ப்பதே சிறந்த பயிற்சி என்றும் கூறுவோம்.

வரைபடம் ஏமாற்றும் இடங்கள்

கருவி தரும் கோடு கீழிறங்கினால் மகிழ்வதும் மேலேறினால் வருந்துவதும் இயல்பு. ஆனால் கோடு நகர்வதற்கு நிரலின் தரம் மட்டுமே காரணமன்று.

முதலாவதாக, பழைய நிரலைக் கருவியால் படிக்க இயலாமற் போகலாம். ரேடான், தான் இயங்கும் பைத்தான் பதிப்பின் இலக்கணத்தைக் கொண்டே நிரலைப் பகுத்தறிகின்றது. 2008 டிசம்பரில் பைத்தான் 3 வெளிவந்தபோது மொழியின் இலக்கணம் சில இடங்களில் மாறியது. 'பிரின்ட்' என்பது கட்டளைத் தொடராக இருந்த நிலை நீங்கிச் செயற்கூறாயிற்று. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிவுற்றது. ஆகவே பல ஆண்டுப் பழமையுடைய களஞ்சியத்தில், மாற்றத்திற்கு முற்பட்ட கோப்புகள் இலக்கணப் பிழையுடையனவாகக் கருதப்பட்டுக் கணக்கில் சேராமல் நிற்கும். வரைபடத்தில் அந்த ஆண்டுகள் சிக்கலே இல்லாத பொற்காலம் போலத் தோன்றும். அது பொற்காலமன்று, கருவி படிக்கத் தெரியாமல் விட்ட ஏடுகள்.

இரண்டாவதாக, ஒரு கோப்பின் பெயரையோ இடத்தையோ மாற்றினால், அதன் வரலாறு பழைய பெயரோடு நின்று, புதிய பெயரில் பிறந்த குழந்தை போலத் தொடங்கும். மூன்றாவதாக, நிரலை ஒரே நடையில் அமைத்துத் தரும் தன்னியக்கக் கருவிகள் சில உள்ளன. ஒருநாள் அவற்றை இயக்கினால் ஆயிரக்கணக்கான வரிகள் மடிந்தும் விரிந்தும் மாறும். வரிகளின் எண்ணிக்கை துள்ளும்; கிளைச்சிக்கல் அசையாது. இரு கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றி உண்மை விளங்காது. பிறர் எழுதிய நூலகங்களைக் களஞ்சியத்திற்குள்ளேயே படியெடுத்து வைத்திருந்தால், அவற்றை விலக்கிவிட்டே அளத்தல் வேண்டும். இல்லையேல் அயலார் சிக்கலும் நம் கணக்கில் ஏறும்.

சோதனைப் பரப்பளவையும் இங்குக் குறிப்பிடலாம். 'கவரேஜ்' என்னும் பைத்தான் கருவி, சோதனைகளை ஓட்டும்போது நிரலின் எவ்வெவ் வரிகள் இயங்கின என்று கணக்கிடும். ஒரு வரி இயங்கியது என்பதற்கும், அது சரியான விடை தந்ததா என்று சரிபார்க்கப்பட்டது என்பதற்கும் வேறுபாடு உண்டு. விடையை ஒருமுறையும் ஒப்புநோக்காத சோதனையால் 100 விழுக்காட்டை எட்டலாம். பாடநூலின் பக்கங்களை எல்லாம் புரட்டியவர் பாடத்தைப் படித்தவராகார் அன்றோ?

எங்கே முதலில் கைவைப்பது?

சிக்கல் மிகுந்த கோப்புகள் அனைத்தையும் சீர்திருத்த யாருக்கும் நேரமிராது, தேவையும் இராது. பத்தாண்டுகளாக எவரும் தொடாத, சரியாக இயங்கும் ஒரு சிக்கலான கோப்பு உறங்கும் பாம்பு. அதனை மிதித்து எழுப்ப வேண்டா. சிக்கலும் மிகுந்து, அடிக்கடி மாற்றப்பட்டும் வரும் கோப்புகளே இடர் தருவன. நச்சியப்பன் நாகப்பனும் தாமஸ் பாலும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், விண்டோஸ் சர்வர் 2003-இன் வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஒரு கூறின் அளவோடு ஒப்பிட அதன் நிரல் எவ்வளவு மாற்றப்பட்டது என்பதைக் கொண்டு அதில் பிழைகள் எவ்வளவு செறிந்திருக்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க இயலும் என்று காட்டினர். ஆக, கிளைச்சிக்கல் ஒரு கண்; மாற்றத்தின் அடர்த்தி மறுகண்.

இரண்டாவது கண்ணிற்குப் 'பைட்ரில்லர்' என்னும் தொகுப்பு உதவும். கிட் களஞ்சியத்தின் கமிட்டுகளைப் பைத்தான் நிரலின் உள்ளிருந்தே ஒவ்வொன்றாகப் படித்து, ஒரு கோப்பு எத்தனை முறை மாற்றப்பட்டது, எத்தனை வரிகள் சேர்ந்தன, எத்தனை நீங்கின, எத்தனை பேர் கைவைத்தனர் என்பவற்றைத் தொகுக்க அது வழிசெய்கின்றது. இதிலிருந்து மாற்ற எண்ணிக்கையையும் வைலியிலிருந்து சிக்கலையும் எடுத்து ஒரே தாளில் இரு அச்சுகளாக வரைந்தால், வலப்புற மேல்மூலையில் நிற்கும் கோப்புகள் மிகச்சிலவே இருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

எண் இலக்காகும்போது

1982-இன் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக் குழுவில், நிரலர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் தாம் எழுதிய வரிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்பித் தருமாறு மேலாளர்கள் பணித்தனர். பில் அட்கின்சன் என்பார் அவ்வமயம் குவிக்டிரா என்னும் வரைகலை நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, அதனை ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாக்கியிருந்தார். அம்முயற்சியில் நிரல் 2000 வரிகள் அளவிற்குச் சுருங்கியது. படிவத்தின் உரிய கட்டத்தில் அவர் 'கழித்தல் 2000' என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களுக்குப் பின் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டனர் என்று அவருடன் பணியாற்றிய ஆன்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் எழுதியுள்ளார்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1975-இல், இங்கிலாந்துப் பொருளியலறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கை பற்றிப் பேசுகையில், ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியாக்கி அழுத்தத் தொடங்கினால் அதிலிருந்த ஒழுங்கு குலையும் என்று கூறினார். மென்பொருளில் இது நாள்தோறும் மெய்ப்படுகின்றது. செயற்கூறின் சிக்கல் 10-ஐத் தாண்டக்கூடாது, தாண்டினால் கமிட் ஏற்கப்படாது என்று விதித்தால், நிரலர் அதனை எவ்விதத்திலேனும் 9-ஆக்கித் தருவார். பொருளால் பிரிக்காமல் நீளத்தால் வெட்டி, 'பகுதி-1', 'பகுதி-2' என்று பெயரிட்டு, முன்பு ஒரே இடத்தில் இருந்த குழப்பத்தை இரண்டு இடங்களில் வைப்பார். அளவை மகிழும், அடுத்துப் படிப்பவர் அழுவார்.

தளை தட்டாமையைக் கருவி கொண்டு சோதிக்க இயலும். வெண்பாவிற்கு அவ்வாறு சோதிக்கும் நிரல்கள் எழுதப்பட்டும் உள்ளன. தளை தட்டும் இடம் எது என்று அறிவது புலவனுக்கு உதவும். ஆயின் தளை தட்டாத வெண்பாக்களின் எண்ணிக்கையைக் கொண்டு புலவர்க்குப் பரிசு வழங்கின், எத்தகைய வெண்பாக்கள் கிடைக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஒரு முறை

மாணவர் நால்வர் சேர்ந்து ஒரு பருவம் முழுதும் எழுதும் திட்டப்பணிக்கு மேற்கூறியவற்றை எவ்வாறு பயன்படுத்தலாம்? முதல் வாரத்திலேயே கிட் களஞ்சியம் தொடங்கப்பட வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒரே கமிட்டாக ஏற்றப்பட்ட களஞ்சியத்திற்கு வரலாறே இல்லை, அதனை அளக்க ஒன்றுமில்லை. வாரம் ஒருமுறை, ஒரே நாளில், செயற்கூறுகளுள் உச்சச் சிக்கலையும் மிகுதியாக மாற்றப்பட்ட மூன்று கோப்புகளையும் மட்டும் குறித்துக்கொண்டால் போதும். இருபது அளவைகளைத் தொகுத்து ஒன்றையும் பாராதிருப்பதினும் இரண்டைத் தொகுத்து இரண்டையும் பார்ப்பது மேல்.

இவ்வெண்களுக்கு மதிப்பெண் இடற்க என்று ஆசிரியர்களை வேண்டுகின்றோம். இட்டால், அடுத்த வாரமே 'பகுதி-1', 'பகுதி-2' தோன்றும். எண் துள்ளிய ஒவ்வோரிடத்தின் அருகிலும், ஏன் துள்ளியது என்று மாணவரே ஒரு வரி எழுதி வரச் செய்யலாம். 'உடன்பிறந்தார் தள்ளுபடி சேர்த்தோம். உதவித்தொகையோடு சேர்ந்து வந்தால் எது முதல் என்று அலுவலகத்தைக் கேட்க வேண்டும்' என்று ஒரு மாணவர் எழுதினால், நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி அங்கேயே உள்ளது.